வழக்கொழிந்த வலைக்கருவிகளும் அவற்றின் வழித்தோன்றல்களும்

ஏடெழுதுவோர் கையிலிருந்த எழுத்தாணி முறிந்துபோயின், வேறோர் எழுத்தாணி கொண்டு எஞ்சிய ஓலைகளை எழுதி முடித்தல் இயலும். முன்னெழுதிய ஓலைகள் பழைய எழுத்தாணியை எதிர்நோக்கிக் கிடப்பதில்லை. கணினிக் காலத்தில் இந்நிலை மாறிற்று. ஆக்கிய கருவி மறைந்தால் ஆக்கப்பட்டதும் திருத்தலாகாப் பொருளாய் நின்றுவிடுதல் உண்டு. வலைத்தளம் அமைக்கும் மென்பொருள்களின் வரலாற்றில் இது பன்முறை நேர்ந்துள்ளது. உவந்து பயின்ற மென்பொருளை அதன் உரிமையாளரே கைவிட்டபொழுது, பயின்றோர் எதனை மாற்றாகக் கொண்டனர், அத்தேர்வை வகுத்தது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம். உரிமையாளர் சுட்டிய வழித்தோன்றல் எதுவாயினும், தளத்தின் மூலப்படி எவ்வடிவில், எவ்விடத்தில் இருந்தது என்பதே முடிவை வகுத்தது என்பது நம் கருத்து.

வையவிரிவலையின் தொடக்கத்தில் இவ்வினாவுக்கே இடமில்லை. 1990-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படித்தற்கும் எழுதுதற்கும் ஒருங்கே உதவிற்று. 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிப் பெருவழக்குப் பெற்ற மொசைக் உலாவியோ படித்தற்கே உரியதாயிற்று. எழுத விழைந்தோர் எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியைக் கற்று, ஒவ்வொரு குறியையும் தம் கையாலேயே இட வேண்டியவராயினர். இக்குறையைப் போக்கவே தனி மென்பொருள்கள் எழுந்தன.

அவற்றுள் பிரண்ட்பேஜ் தலையாயது. அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், 1994-இல் சார்லஸ் பெர்குசனும் ராண்டி பார்கார்டும் தொடங்கிய வெர்மீர் டெக்னாலஜிஸ் என்னும் சிறு நிறுவனம் 1995 அக்டோபரில் இதனை வெளியிட்டது. தொடங்கி இரண்டாண்டு நிரம்புமுன்னரே, 1996 சனவரியில், மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை ஏறத்தாழ 13 கோடி டாலர் மதிப்பில் தன்னுடையதாக்கிக்கொண்டது. தட்டச்சு செய்யத் தெரிந்தோர் எவரும் வலைப்பக்கம் ஆக்கலாம் என்னும் நிலையைப் பெருமளவில் தோற்றுவித்தது இம்மென்பொருளே எனலாம். பள்ளிகள், சங்கங்கள், சிறு கடைகள், தம் குடும்ப வரலாற்றைத் தொகுப்போர் எனப் பலதிறத்தாரும் இதனைக் கையாண்டனர்.

பிரண்ட்பேஜ் அமைத்த தளங்களின் கோப்படைவுகளில் 'வி.டி.ஐ.' என்னும் மூன்றெழுத்தைத் தாங்கிய பெயர்கள் காணப்படும். அவை வெர்மீர் டெக்னாலஜிஸ் இன்கார்ப்பரேட்டட் என்பதன் முதலெழுத்துக்கள். நிறுவனம் கைமாறிப் பெயர் மறைந்த பின்னும், சிதைந்த கல்வெட்டில் எஞ்சிய மெய்க்கீர்த்திச் சொல் போல, அம்மூன்றெழுத்து நின்றது. பழைய தளமொன்று எதனால் ஆக்கப்பட்டது என அறிய விழைவோர்க்கு இன்றும் இது நல்ல அகச்சான்று.

இம்மென்பொருள் இயங்கிய முறையைச் சற்று விரிவாகக் காண்டல் வேண்டும். பின்னர் நேர்ந்தவற்றிற்கு இதுவே காரணம். பிரண்ட்பேஜில் எழுதியவை யாவும் எச்.டி.எம்.எல். பக்கங்களாகவே சேமிக்கப்பட்டன. எழுதுவோர் பெறும் கோப்பும் படிப்போர் பெறும் கோப்பும் ஒன்றே. ஆயின் 'வெப்பாட்' எனப்பட்ட சில உறுப்புக்கள் இடையிடையே அமைந்தன. அவை இருவகைப்படும். ஒரு பக்கத்தின் பகுதியை மற்றொன்றில் சேர்த்தல் போன்றவை, பக்கத்தைச் சேமிக்கும்பொழுதே தம் செயலை முடித்து, விளைந்த உரையைப் பக்கத்துள்ளேயே பதித்துவிடும். இன்ன கட்டளையால் இது விளைந்தது என்னும் குறிப்பு மட்டும் இரு பக்கமும் நிற்கும். வருகை எண்ணும் கருவி, தேடற் பெட்டி, படிவத்தில் நிரப்பியவற்றைச் சேமித்தல் போன்றவையோ, படிப்போர் பக்கத்தைத் திறக்குந்தோறும் வழங்கிக் கணினியில் இயங்க வேண்டுவன. இவற்றிற்காக வழங்கியில் 'சர்வர் எக்ஸ்டென்ஷன்' என்னும் துணைநிரல்கள் நிறுவப்பட்டிருத்தல் இன்றியமையாதது. முன்னதை மூலத்தோடு சேர்த்தெழுதிய உரை என்றும், பின்னதை ஆசிரியர் வாய்ச்சொல்லாக மட்டும் வழங்கிய உரை என்றும் கொள்ளின் வேறுபாடு விளங்கும். ஆசிரியர் மறைந்தால் பின்னது அவரோடு போகும்.

2003-இல் வந்த பதிப்பே பிரண்ட்பேஜின் இறுதிப் பதிப்பாயிற்று. 2006-இல் மைக்ரோசாப்ட் அதனை நிறுத்தி, அதனிடத்தில் இரு வழித்தோன்றல்களைச் சுட்டியது. பொதுவான வலைத்தளங்களுக்கு எக்ஸ்பிரஷன் வெப். நிறுவன உட்தளங்களுக்கு ஷேர்பாயிண்ட் டிசைனர். பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீட்டைப் போல இப்பாகப்பிரிவினை அமைந்தது. எக்ஸ்பிரஷன் வெப் தூய குறியீட்டு நெறியைப் பேணியது. ஆயின் பழைய பக்கத்திலிருந்த வெப்பாட்டுக்களை விட்டுவைத்ததேயன்றிப் புதியனவற்றை இட இடந்தரவில்லை. ஷேர்பாயிண்ட் டிசைனரின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு பிரண்ட்பேஜின் இயல்புகளை மிகுதியும் தாங்கியிருந்தது. 2009-இல் அது விலையின்றியும் கிடைத்தது. அதனை நம்பிச் சென்றோர் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏமாற்றமுற்றனர். அப்பதிப்பு ஷேர்பாயிண்ட் தளங்களையன்றிப் பிறவற்றைத் திறவாது. எக்ஸ்பிரஷன் வெப்பும் நெடிது வாழவில்லை. 2012 டிசம்பரில் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டு, இறுதிப் பதிப்பு இலவசமாக விடப்பட்டது. ஆறாண்டுக்குள் இரு வாரிசுகளும் பொதுமக்களுக்குப் பயன்படாமற்போயினர் என்பது கருதத்தக்கது.

அங்ஙனமாயின் பிரண்ட்பேஜ் தளங்கள் அழிந்தொழிந்தனவா? இல்லை. வழங்கி நிறுவனங்கள் துணைநிரல்களை ஒவ்வொன்றாய் நீக்கியபொழுது, தேடற் பெட்டிகள் வாய்மூடின, எண்ணிகள் நின்றன, படிவங்கள் செல்லுமிடம் அறியாது திகைத்தன. எழுதிய உரையோ அப்படியே இருந்தது. அதனை டிரீம்வீவரிலும் திறக்கலாம். எளிய உரைத் தொகுப்பியிலும் திறக்கலாம். பொது விளிம்புகள் என்னும் பழைய ஏற்பாட்டைக் கைவிட்டு, வார்ப்புருக்களாக மாற்றிக்கொள்ளும் உழைப்பே வேண்டியிருந்தது. பிரண்ட்பேஜ் இழிந்த குறிகளைப் பக்கங்களில் நிறைத்தது என்றும், அது மறைந்தது நன்றே என்றும் கூறுவார் பலர். குறிகள் தூயனவல்ல என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் தன் வேலையின் விளைவைப் பொதுமொழியிலேயே விட்டுச் சென்ற அதன் சிறப்பு அவ்வசைமொழிகளுக்கிடையே மறைந்துவிட்டது. அழகிற் சிறந்த பின்னைய மென்பொருள்களிடம் இப்பண்பு இல்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐவெப் அவ்வாறு அழகிற் சிறந்தது. 2006 சனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் இதனை அறிமுகப்படுத்தினார். இதில் எழுதியவை யாவும் 'டொமைன்' என்னும் தனிக் கோப்பொன்றில், ஐவெப் மட்டுமே அறியும் வடிவில் தங்கின. உலகம் கண்ட எச்.டி.எம்.எல். பக்கங்கள் அதிலிருந்து வார்க்கப்பட்ட படிகளே. அப்படிகளை ஐவெப் மீண்டும் உட்கொள்ளாது. நிழலிட்ட எழுத்துக்களையும் சாய்த்த எழுத்துக்களையும் அது படமாகவே மாற்றிவிடும். படத்துள் எழுத்தில்லை, தேடினால் கிடைப்பதுமில்லை. வருகை எண்ணி, வாசகர் கருத்துரை முதலியன ஆப்பிளின் மொபைல்மீ சேவையை நம்பியிருந்தன. அச்சேவை 2012 சூன் 30-இல் மூடப்பட்டது. தளங்களை வேறு வழங்கிக்கு எடுத்துச் சென்றோர்க்கும் அதன்பின் கிடைத்தவை வார்ப்புக்களே, அச்சு இல்லை.

அடோபி நிறுவனத்தின் மியூஸ் 2012-இல் முழுவடிவில் வெளிவந்தது. குறியீட்டு மொழி அறியா வடிவமைப்பாளர்க்கு அது பெரிதும் உவப்பாயிற்று. 2018 மார்ச்சு 26-இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது; ஆதரவு 2020 மார்ச்சு 26-இல் முடிந்தது. நேரான மாற்று எதுவும் தம்மிடம் இல்லையென உரிமையாளரே ஒப்பினர். அவர் சுட்டிய துணைகளுள் ஒன்றான எக்ஸ்.டி. என்பதும் 2023-இல் தனி விற்பனையினின்று நீக்கப்பட்டுப் பேணல் நிலைக்கு வந்தது. மியூஸிலும் மூலப்படி தனிக்கோப்பே. அது வெளியிட்ட பக்கங்களை டிரீம்வீவரில் திறக்கலாமெனினும், எந்திரம் எழுதிய அக்குறிகளைத் திருத்துதல், பிறிதொருவர் சுருக்கெழுத்தை வைத்துக் காவியம் பதிப்பித்தல் போன்ற அரிய வேலை. பெரும்பாலோர்க்கு எஞ்சிய வழி, உரையையும் படங்களையும் பிரித்தெடுத்துத் தளத்தை முதலிலிருந்து கட்டுதலே.

அடோபியின் மற்றொரு மென்பொருளாகிய கோலைவ் 2008-இல் நின்றது. 2005 டிசம்பரில் மேக்ரோமீடியாவை வாங்கியபின் ஒரே இல்லத்தில் டிரீம்வீவர், கோலைவ் என இரண்டு இருந்தமையின் ஒன்று விலகிற்று. இரண்டும் எச்.டி.எம்.எல். கோப்புக்களையே கையாண்டமையின் மாற்றம் பெருந்துன்பமாகவில்லை.

இவற்றினும் வேறான வரலாறு ஒன்றுண்டு. மிஷேல் வால்திரிகி 2001-இல் தொடங்கிய 'பி-2' என்னும் வலைப்பதிவு நிரல் 2002-இன் இறுதியில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனைப் பயன்படுத்திவந்த மாட் முல்லன்வெக், 2003 சனவரி 24-இல், தமக்குப் பிடித்த கருவி நின்றுபோயிற்றே என்னும் கவலையை எழுதி வெளியிட்டார். எந்த மென்பொருளுக்கு மாறுவது என்பதே அவர்தம் சிக்கல். பி-2 பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டிருந்தமையால், மூலநிரலையே எடுத்து வளர்க்கலாம் என்னும் வழி அவர்க்குத் தோன்றிற்று. மைக் லிட்டில் உடன்பட்டார். மே 27-இல் வேர்ட்பிரஸ் முதற்பதிப்பு வெளிவந்தது. பின்னர் வால்திரிகியும் அதனைத் தம் நிரலின் வழித்தோன்றலாக ஏற்றார். முன் கண்ட வரலாறுகளில் உரிமையாளர் வாரிசைச் சுட்டினார், பயின்றோர் கொள்ளவோ தள்ளவோ செய்தனர். ஈண்டு பயின்றோரே வாரிசை ஆக்க, ஆசிரியர் பின்னர் ஏற்றார். இம்முறைமாற்றத்திற்குக் காரணம் உரிமமேயன்றி வேறன்று.

ஆயின் உரிமம் ஒன்றே போதும் என்பதும் பொருந்தாது. நெட்ஸ்கேப் கம்போசரின் வழியில் வந்த என்வியூ 2005-இல் முதற்பதிப்புக் கண்டு அத்துடன் நின்றது. அதன் திறந்த நிரலைக் கொண்டு எழுந்த கொம்போசர் சில காலம் ஓடித் தேங்கிற்று. என்வியூவை ஆக்கிய தானியல் கிளாஸ்மன் 2011-இல் புளூகிரிபன் என்பதைப் புதிதாக வெளியிட்டார். ஏட்டை எடுத்தெழுத உரிமை இருந்தும் எழுதுவோர் இல்லையேல் ஏடு செல்லரிக்கும் அல்லவா!

தமிழ் வலைப்பக்கங்கள் இச்சிக்கலை இருமடங்காகத் தாங்கின. 1990-களின் இறுதியில் அவை எழுத்துருவை நம்பிய குறியேற்றங்களில் எழுதப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாக் கணினியில் உரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றின. தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாப், டாம் குறியேற்றங்களையும், 2010-இல் யூனிகோடையும் ஏற்றது. கருவி மாறியவர் குறியேற்றமும் மாற வேண்டியிருந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வந்து சேர்ந்தமைக்குக் காரணம், இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்னும் அட்டவணை வெளிப்படையாக இருந்தமையே. அதே காலத்தில் எழுத்தைப் படமாக ஆக்கி ஏற்றிய பக்கங்களுக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. அவற்றை மீண்டும் தட்டச்சு செய்தோ எழுத்துணரியால் படித்தெடுத்தோ மீட்க வேண்டும். நம் துறையார் தளம் அமைக்குங்கால் தலைப்புக்களை அழகிய படமாக இடும் வழக்கத்தை மேற்கொள்ளுதல் இதனாற் கேடுடையது.

இன்று பலரும் உலாவிக்குள்ளேயே தளம் அமைக்கும் வாடகைச் சேவைகளை நாடுகின்றனர். இவற்றுள் மென்பொருளும் மூலப்படியும் வழங்கியும் ஒரே உரிமையாளரிடம் உள்ளன. விக்ஸ் சேவையில் கட்டிய தளத்தைப் பிறிதோர் வழங்கிக்கு அப்படியே பெயர்த்தல் இயலாது. ஸ்குவேர்ஸ்பேஸ் சேவையோ பக்கங்களையும் பதிவுகளையும் ஓரளவு கோப்பாக ஏற்றுமதி செய்ய இடந்தருகிறது. அக்கோப்பு எழுதப்படும் வடிவம், கைவிடப்பட்ட நிரலிலிருந்து 2003-இல் பிறந்த வேர்ட்பிரஸினுடையது.