பதிப்புரிமைப் பதிவேடும் படைப்பு பிறந்த நாளும்

1. ஆய்வுப் பொருள்

எழுதிய கதையை யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று அஞ்சுபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, “ரிஜிஸ்டர் பண்ணிடுங்க” என்பதுதான். முன்பு கையெழுத்துப் பிரதியை உறையிலிட்டுத் தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் வைத்தவர்கள் உண்டு. இன்று பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அப்படிப் பெறும் சான்றிதழ், படைப்பு உருவான தேதியை நிறுவுமா? அது நிறுவுவது வேறொரு தேதியை என்பதே இக்கட்டுரையின் விடை.

2. மூன்று தேதிகள்

எழுதி முடித்த நாள், பதிந்த நாள், வெளியிட்ட நாள் ஆகிய மூன்றும் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பதிப்புரிமை பிறப்பது முதல் தேதியில். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை, 1908இல் பெர்லினில் திருத்தப்பட்டபோது, உரிமைக்குச் சடங்கு எதுவும் தேவையில்லை என்ற நெறியை ஏற்றது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. எழுத்தாளர் பெயரில் அவர் வாழ்நாளிலேயே வெளியான நூலுக்கு, அவர் மறைந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அந்தக் கணக்கிலும் எழுதிய தேதிக்கு வேலை இல்லை. ‘யார் முந்தி?’ என்ற தகராறு எழும்போதுதான் அது தேவைப்படுகிறது.

3. பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

3.1 நடைமுறை. 2013ஆம் ஆண்டு விதிகளின் 14ஆம் எண் படிவத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி, படைப்பின் பிரதியை இணைக்க வேண்டும். உடனே ஒரு டைரி எண் கிடைக்கும். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள், பிறகு பரிசீலனை. இறுதியில் கைக்கு வரும் தாளுக்கே ‘பதிப்புரிமைப் பதிவேட்டின் பகர்ப்பு’ என்றுதான் பெயர்.

3.2 கட்டங்கள். அந்தத் தாளில் விண்ணப்பதாரர், படைப்பின் வகை, தலைப்பு, மொழி, ஆசிரியர், வெளியானதா இல்லையா, முதலில் வெளியான ஆண்டும் நாடும், உரிமையாளர் என்று கட்டங்கள் நீள்கின்றன. நாவல் எந்த நாளில் எழுதி முடிக்கப்பட்டது என்று கேட்கும் கட்டம் இல்லை. முடிவுற்ற ஆண்டைக் கேட்பது கட்டடக் கலைப் படைப்புக்கு மட்டும்.

3.3 சட்ட மதிப்பு. பதிவேடு, ‘அதில் பதிந்துள்ள விவரங்களுக்கு’ முதல்நோக்குச் சான்று என்கிறது 48ஆம் பிரிவு. எதிர்த்தரப்பு மறுத்து நிறுவும்வரை அவ்விவரங்கள் நிற்கும். பதியப்படாத விவரத்துக்கு இந்த அனுமானம் நீளாது. ஆகவே எழுதிய தேதிக்குப் பதிவேட்டிலிருந்து நேரடிச் சான்று கிடைப்பதில்லை. கிடைப்பது ஒரு மேல் எல்லை: இணைத்த பிரதி, விண்ணப்பித்த நாளிலாவது இருந்திருக்கிறது.

3.4 ஒப்பீடு. அமெரிக்க விண்ணப்பத்தில் படைப்பு முடிவுற்ற ஆண்டுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. வெளியாகி 5 ஆண்டுகளுக்குள் பதிந்தால் சான்றிதழின் விவரங்கள் அங்கே முதல்நோக்குச் சான்றாகும். ஆனாலும் அந்த ஆண்டு, விண்ணப்பதாரர் தானே எழுதிக் கொடுத்ததுதான்.

4. கணினி தரும் தேதி

கோப்பின் மீது கணினி காட்டும் தேதியை நம்ப முடியாது. கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அதுவும் பின்னுக்குப் போகும். இதற்கு மாற்றாக வந்தது ஹாஷ். எவ்வளவு பெரிய கோப்பையும் 64 எழுத்து-எண் கொண்ட கைரேகையாகச் சுருக்குவது எஸ்எச்ஏ-256 முறை. ஒரு காற்புள்ளி மாறினாலும் ரேகை வேறாகிவிடும். கைரேகையோடு நம்பகமான நேர முத்திரையும் சேர்ந்தால், கோப்பு அந்த நேரத்தில் இருந்தது என்பது உறுதி.

தமிழில் இதற்கு ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. ‘தோழி’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம். ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஹாஷ் முற்றிலும் வேறு. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை யூனிகோடுக்கு மாற்றினாலும் இதே கதிதான். எனவே முத்திரை பெற்ற மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

சேவையின் ஆயுளும் கவனிக்கத்தக்கது. உலக அறிவுசார் சொத்து அமைப்பு 2020 மே மாதம் ‘வைப்போ ப்ரூஃப்’ என்ற நேர முத்திரைச் சேவையைத் தொடங்கியது. 2022 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், மின்னணுப் பதிவோடு தரும் சான்றில் ஹாஷையும் குறிப்பிடச் சொல்கிறது.

5. தேதிக்கு அப்பால்

‘சர்க்கார்’ படத்தின் கதை, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் 2007இல் பதிந்த ‘செங்கோல்’ கதையை ஒத்திருப்பதாக எழுந்த வழக்கு, 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. சங்கப் பதிவு அரசுப் பதிவேடு அல்ல. ஆனால் கதை இன்ன ஆண்டிலேயே மூன்றாம் தரப்பின் கையில் இருந்தது என்று காட்ட அது போதுமானது.

‘எந்திரன்’ வழக்கு இதன் மறுபக்கம். படம் ஒத்திருப்பதாகச் சொல்லப்பட்ட ‘ஜூகிபா’ கதை 1996இல் ‘இனிய உதயம்’ இதழில் அச்சானது. படம் வந்தது 2010இல். முந்தியது எது என்பதற்கு அச்சிட்ட இதழே சாட்சி. ஆயினும் உரிமை மீறல் கோரிய சிவில் வழக்கை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கருத்துக்கு உரிமையில்லை, வெளிப்பாட்டுக்கே உரிமை என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் வகுத்த நெறிப்படி, முந்தி எழுதியதை மட்டும் காட்டினால் போதாது. வெளிப்பாடு எடுக்கப்பட்டதையும் காட்ட வேண்டும்.

6. முடிவு

இணையவழிப் பதிவு வீண் அல்ல. அது ஒரு தேதிக்கு மேல் எல்லை கட்டுகிறது, ஆசிரியர் யார் என்ற அனுமானத்தையும் தருகிறது. அந்த எல்லைக்கு முன்னால் படைப்பு வளர்ந்த காலத்தைக் காட்டுபவை வரைவுகள், பதிப்பாசிரியரோடு நடந்த மின்னஞ்சல்கள், அடித்தல் திருத்தல் நிறைந்த நோட்டுகள். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுபவர், தாம் தேடிய சாட்சியைத்தான் போடுகிறார்.