நிரை நடந்த கால்களும் எறும்புக் கணக்கும்

பகாவ், ரந்தாவ், தம்பின் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஆசிரியர்களுக்கு 'நிரை' என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு. பிறகு ஆளுக்கு நானூறு, ஐந்நூறு பால்மரம். அதிகாலையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். சீவிய அதே வரிசையில் திரும்பி வந்து மங்குப் பாலை வாளியில் ஊற்றணும். வீணாகச் சுற்றினால் பால் உறைஞ்சு கட்டிப்பாலாகிடும், அதுக்கு விலை குறைவு. மேட்டு நிலத்தில் எந்த மரத்துக்குப் பிறகு எந்த மரம் என்பது சம்பளத்தைத் தொடும் விஷயம்.

இதைக் கணிதத்தில் 'பயண விற்பனையாளர் சிக்கல்' என்பார்கள். 10 இடங்களைச் சுற்றி வர 181,440 வழிகள் உண்டு. 20 இடமென்றால் 600 கோடி கோடிக்கும் மேல்! ஒவ்வொன்றாகச் சோதிப்பது நடக்காத காரியம்.

வழி காட்டியது எறும்பு. 1989-இல் பெல்ஜியத்தில் டெனுபூர்க் குழுவினர் கூட்டுக்கும் இரைக்கும் நடுவே நீளப் பாலம் ஒன்று, குட்டைப் பாலம் ஒன்று வைத்தார்கள். குட்டை வழியில் போன எறும்பு சீக்கிரம் திரும்பியது, அங்கே வாசனைத் தடம் முதலில் கெட்டியானது, மற்றவை பின்தொடர்ந்தன. மார்க்கோ டோரிகோ 1992-இல் மிலான் முனைவர் ஆய்வில் இதையே கணினிக்கான நெறியாக்கினார். குறுகிய சுற்றுக்கு அதிக வாசனை எண், பிறகு எல்லா எண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்க. எறும்புக்குக் கங்காணி கிடையாது. தோட்டத்தில் நிரை மேலிருந்து வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசின் தடையோடு நின்றது. களத்தில் கங்காணியின் அதிகாரம் அதோடு போய்விடவில்லை. நடந்து நடந்து குறுக்குவழி கண்டவர்கள் நம்ம பாட்டிமார். அவங்க கண்ட வழியை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. பால் எடை மட்டும் கிராணியின் பதிவில் ஏறியது.

மாணவர்கள் தடுமாறுவது 'ஆவியாதல் எதற்கு?' என்ற கேள்வியில்தான். விடை அதே பாலச் சோதனையில் இருக்கிறது. முதலில் நீளப் பாலத்தை மட்டும் வைத்து, அரை மணி நேரம் கழித்துக் குட்டையைச் சேர்த்தார்கள். பெரும்பாலான எறும்புகள் பழைய நீள வழியிலேயே போயின. நிஜத் தடம் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. டோரிகோவின் நெறியில் அது வேகமாக அழிவதால் புது வழிக்கு இடம் கிடைக்கிறது.

பால்மரம் நின்ற பல சரிவுகளில் இன்று செம்பனை. குலை ஏற்றும் லாரி எந்த வரிசையில் போகணும் என்பதும் இதே வகைக் கணக்குதான். வகுப்பில் அதையே கொடுத்துப் பாருங்க, பத்து இடம் போதும்.