எட் சல்லிவன்: ஞாயிறு இரவுகளை ஆண்ட தொகுப்பாளர் எங்கே உறங்குகிறார்?

ஸ்டீபன் கோல்பேரின் 'லேட் ஷோ' 2026 மே மாதத்தோடு முடிவுக்கு வரும் என்று அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது. யூடியூபில் அந்த நிகழ்ச்சியின் கிளிப்களைப் பார்த்தவர்களுக்கு, அது படமான அரங்கின் பெயர் கண்ணில் பட்டிருக்கும்: எட் சல்லிவன் தியேட்டர். 1993 முதல் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சி நடத்தியதும் அங்கேதான்.

யார் இந்த சல்லிவன்? பாட வராது, ஆட வராது, ஜோக் சொன்னாலும் எடுபடாது. கேமரா முன்னால் விறைப்பாக நிற்பார். விருந்தினர் பெயரையே சில நேரம் தப்பாகச் சொல்லிவிடுவார். அவரைப் போலவே நின்று பேசிக் காட்டி சம்பாதித்த மிமிக்ரி கலைஞர்கள் இருந்தார்கள். அவர்களையும் கூப்பிட்டுத் தன் மேடையிலேயே ஏற்றினார். அப்படிப்பட்ட ஆள்தான், 1948 ஜூன் 20 தொடங்கி 1971 வரை, அமெரிக்கா ஞாயிறு இரவு எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

பத்திரிகைக்காரர் டிவிக்கு வந்த கதை

1901 செப்டம்பர் 28 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தார். உடன் பிறந்த இரட்டைச் சகோதரர் குழந்தையிலேயே இறந்துவிட்டார். வளர்ந்தது நகருக்கு வடக்கே, வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில் உள்ள போர்ட் செஸ்டரில். உள்ளூர் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதத் தொடங்கி, 1932 முதல் 'நியூயார்க் டெய்லி நியூஸ்' நாளிதழில் சினிமா, நாடக உலகக் கிசுகிசு எழுதும் பத்தியாளர் ஆனார். யார் மேலே வருகிறார், யார் சரிகிறார் என்று மோப்பம் பிடிப்பதுதான் வேலை. டிவியிலும் அதையேதான் செய்தார்.

முதலில் 'டோஸ்ட் ஆஃப் த டவுன்' என்றிருந்த நிகழ்ச்சிக்கு 1955-ல் 'எட் சல்லிவன் ஷோ' என்று பெயர் மாறியது. ஒரே மணி நேரத்தில் ஓபரா பாடகர், சர்க்கஸ் வித்தைக்காரர், ராக் இசைக்குழு, குழந்தைகளுக்காகப் பேசும் எலி பொம்மை. தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே டிவி என்ற வீட்டுக்கு அது சரியான கணக்கு.

82.6-ஆ, 45.3-ஆ?

இந்த நிகழ்ச்சி பற்றிய எண்கள் இணையத்தில் ஒன்றோடு ஒன்று குழம்பிக் கிடக்கின்றன. 1956 செப்டம்பர் 9 அன்று எல்விஸ் பிரெஸ்லி முதல்முறை வந்தபோது 82.6% பேர் பார்த்தார்கள் என்பார்கள். அது 'ஷேர்', அதாவது அந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் என்ற கணக்கு. தலைகள் சுமார் 6 கோடி. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் வந்தபோது கிடைத்த 45.3% என்பது 'ரேட்டிங்'. டிவி உள்ள எல்லா வீடுகளிலும், மூடிவைத்த டிவிகளையும் சேர்த்து, எத்தனை வீடு என்ற கணக்கு. அன்று பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி. 45.3-ஐ 82.6-க்குப் பக்கத்தில் வைத்து 'எல்விஸ்தான் பெரிசு' என்று சொன்னால் கணக்கு உதைக்கும்.

7.3 கோடி என்றால் எவ்வளவு? அன்றைய அமெரிக்க மக்கள்தொகை சுமார் 19 கோடி. மூன்றில் ஒருவருக்கு மேல்! அரங்கில் இருந்த இருக்கைகளோ 728. டிக்கெட் கேட்டு வந்த விண்ணப்பங்கள் சுமார் 50,000. மூன்று நிகழ்ச்சிகளுக்கு எல்விஸுக்கு 50,000 டாலர் கொடுத்த சல்லிவன், பீட்டில்ஸுக்குக் கொடுத்தது 10,000 டாலர்.

இன்னொரு தகவல்: எல்விஸின் அந்த முதல் நிகழ்ச்சியில் சல்லிவனே இல்லை. கார் விபத்தில் சிக்கி ஓய்வில் இருந்தார்; தொகுத்து வழங்கியவர் நடிகர் சார்லஸ் லாட்டன். இடுப்புக்கு மேலே மட்டும் காட்டியதாகச் சொல்லப்படுவதும் 1957 ஜனவரியில் நடந்த மூன்றாவது நிகழ்ச்சியில்தான்.

வாசலில் நின்றவர்

இத்தனை கண்கள் ஒரே மேடையைப் பார்க்கும்போது, அங்கே யாரை ஏற்றுவது என்பது பெரிய அதிகாரம். கறுப்பினக் கலைஞர்களைத் தொடக்கத்திலிருந்தே அழைத்தார் சல்லிவன். நாட் கிங் கோலுடன் கைகுலுக்கினார், பேர்ல் பெய்லியைக் கன்னத்தில் முத்தமிட்டார் என்பதற்காக, விளம்பரதாரரான கார் நிறுவனத்தின் தென்மாநில டீலர்கள் எரிச்சலடைந்தார்கள். அவர் மாறவில்லை. புகழ்பெற்ற நடனக் கலைஞர் பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன் 1949-ல் கையில் காசில்லாமல் இறந்தபோது, இறுதிச் சடங்குச் செலவைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டவரும் சல்லிவன்தான்.

அதே மனிதர் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வெறிக்குப் பணிந்தும் போனார். 1950-ல் நடனக் கலைஞர் பால் டிரேப்பரை மேடையேற்றியதற்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிய, வருத்தம் தெரிவித்தார். பிறகு சந்தேகத்துக்குரிய கலைஞர்கள் பற்றி, இடதுசாரிகளைப் பட்டியல் போட்ட 'கவுன்டர் அட்டாக்' பத்திரிகைக்காரர்களிடமே யோசனை கேட்டார். சொன்ன பாட்டை விட்டுத் தன் பாட்டைப் பாடிய போ டிட்லிக்கு 1955-க்குப் பிறகு அழைப்பே கிடையாது. ஒரு சொல்லை மாற்ற மறுத்த 'த டோர்ஸ்' குழுவுக்கும் 1967-ல் அதே கதிதான். அவரை முற்போக்காளர் என்று மட்டும் கொண்டாடும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

1967-ல் அரங்குக்கு அவர் பெயர் வைத்த சிபிஎஸ், நான்கே ஆண்டில் நிகழ்ச்சியை நிறுத்தியது. விளம்பரதாரர்களுக்கு இளைஞர்கள் வேண்டும். அவர் பார்வையாளர்களோ வயதானவர்கள்.

ஃபெர்ன்கிளிஃப்

மனைவி சில்வியா 1973 மார்ச்சில் இறந்தார். உணவுக்குழாய் புற்றுநோயால் 1974 அக்டோபர் 13 அன்று சல்லிவனும் இறந்தார். வயது 73. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் இறுதித் திருப்பலி நடந்தது.

உடல் வைக்கப்பட்டது ஹார்ட்ஸ்டேலில் உள்ள ஃபெர்ன்கிளிஃப் கல்லறையில். அவர் வளர்ந்த அதே வெஸ்ட்செஸ்டர் மாவட்டம். மண்ணில் புதைக்கப்படவில்லை, 'மசோலியம்' எனப்படும் பெரிய பொதுக் கட்டடத்தின் சுவரில், வரிசை வரிசையான பேழை அறைகளில் ஒன்று அவருடையது. வெளியே புல்வெளியிலும் சிலைகளைப் பார்ப்பது அபூர்வம்; பெரும்பாலான பெயர்த்தகடுகள் தரையோடு தரையாகத்தான் பதிக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே அவருக்கு யார் அக்கம்பக்கம் என்று பாருங்கள். மால்கம் எக்ஸ், எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க். கூடவே பாடகர் பால் ரோப்சன்: அரசியல் கருத்துக்காக 1950-ல் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு, கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் காலத்தில் மேடைகள் மறுக்கப்பட்டவர். 1976-ல் இறந்த அவரும் இதே வளாகத்தில்தான் அடக்கமானார்.

சல்லிவன் அங்கு வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1980 டிசம்பர் 10 அன்று, மன்ஹாட்டனில் சுட்டுக்கொல்லப்பட்ட ஒருவரின் உடலும் ஃபெர்ன்கிளிஃபுக்கு வந்தது. இறுதிச் சடங்கு எதுவும் இல்லாமல், அங்கேயே தகனம் செய்யப்பட்டது. அவர் பெயர் ஜான் லெனன்.