தகரப் பீலியும் வீட்டு ஒழுக்கும்

கார்த்திகை மாதத்து இரவொன்றில் வன்னி நாட்டு வீட்டினுள்ளே விழித்திருப்பவர் இரண்டு ஓசைகளைக் கேட்பர். ஒன்று குளத்தோரத்துத் தவளைகளின் ஓசை. மற்றது கூரைப் பீலியின் மூட்டிலிருந்து, தாழ்வாரத்தில் வைத்த வாளியினுள் சொட்டும் நீரின் ஓசை. முன்னையது புலவர்க்கு உவந்த பொருள். பின்னையது வீட்டுக்காரனுக்கு மட்டுமே உரிய பொருள். அந்தப் பின்னையதைப் பற்றியே, நேயர்களே, இன்று உங்களோடு சிறிது பேச எண்ணுகிறேன்.

வன்னியின் வரலாறு என்றவுடன் குளங்களையும் வன்னியர்களையும் பற்றிப் பேசுவதே நம் வழக்கம். அது தகும். ஆயினும் குளத்திற்கு வரும் மழை முதலில் நம் கூரைமேல்தான் விழுகின்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை இங்கே பெய்யும். அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள குறுகிய காலத்திற் கொட்டித் தீர்ந்துவிடும். மூன்று மாதம் நீரை எப்படி விலக்குவது என்று தவிக்கின்றோம். எஞ்சிய மாதங்களில் நீர் எங்கே என்று தேடுகின்றோம். இந்த இரண்டு கவலைகளுக்கும் நடுவிலே தொங்கிக்கொண்டிருப்பதுதான் பீலி.

கூரை விளிம்பில் நீரை அடக்கியாளும் முயற்சிக்கு நம் மாவட்டத்திலேயே மிகப் பழைய சான்றுண்டு. வவுனியாவைச் சேர்ந்த பெரிய புளியங்குளத்துக் குகைகளிற் பிராமி எழுத்துக்கள் உள்ளன. விசாகன் என்னும் தமிழ் வணிகனின் பெயர் அவற்றிலே பொறிக்கப்பட்டிருப்பதைப் பேராசிரியர் பரணவிதான 1970ஆம் ஆண்டு வெளியிட்ட சாசனத் தொகுதியிற் காணலாம். கிறித்துவுக்கு முற்பட்ட அக்காலத்தே, துறவிகள் வாழ்வதற்காகக் குகைகளைச் செப்பனிட்டோர் குகைவாயிலின் மேலே பாறையில் ஒரு வரம்பு வெட்டுவது வழக்கம். பாறைமேல் வழிந்து வரும் மழைநீர் அந்த வரம்பிலே தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும்; உள்ளே புகாது. தானஞ் செய்தவர் பெயரைப் பெரும்பாலும் அந்த வரம்பின் கீழேயே எழுதினர். நனையாத இடம் அதுவென்று கண்டே எழுதினர் போலும். ஈராயிரம் ஆண்டு கழிந்தும் அந்தப் பெயர்களை நாம் வாசிக்க முடிகின்றதென்றால், அதற்கு உளியின் கூர்மையைப் போலவே நீர் வரம்பின் உதவியும் காரணமாகும். இதை நேயர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவேன்.

குகையை விட்டு வீட்டுக்கு வந்தால், நம் முன்னோரின் வீட்டிற்குப் பீலியே வேண்டியிருக்கவில்லை. கிடுகாலோ பனையோலையாலோ வைக்கோலாலோ வேய்ந்த கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். இறப்பு சுவரைக் கடந்து வெகுதூரம் தாழ்ந்து நீண்டிருக்கும். நீர் ஓரிடத்தில் ஓடாமல் ஆயிரம் ஓலை நுனிகளிலிருந்து சொட்டித் திண்ணையைத் தாண்டி விழும். கூரை ஒழுகினால் அது வேய்ந்தவன் குற்றம். அல்லது வருடாவருடம் வேயாதவன் குற்றம்.

பீலி தேவைப்பட்டது, இரண்டு கூரைகள் சந்திக்கத் தொடங்கிய பொழுதுதான். நாற்சார் வீட்டிலே நான்கு புறத்துக் கூரைகளும் நடுமுற்றத்தை நோக்கிச் சரியும். அவை கூடும் மூலைகளில் நீர் வாய்க்கால்போற் பாயும். அதனை ஏந்தப் பனையே உதவிற்று. பனைமரத்தின் வைரம் புறத்தே இருக்கும். உள்ளே சோற்றி மென்மையாக இருக்கும். மரத்தை நெடுக்காகப் பிளந்து சோற்றியைத் தோண்டி நீக்கினால், இயற்கையே கடைந்து வைத்த பீலி கிடைத்துவிடும். இரும்புக்குத் துருவுண்டு, பனைக்குக் கறையானுண்டு. ஆனால் நீளமான ஒரே மரத்தாலான பனம்பீலிக்கு மூட்டில்லை. மூட்டில்லாத பீலிக்கு ஒழுக்கும் அரிது. இது பின்வந்த உலோகப் பீலிக்கு வாய்க்காத பாக்கியம்.

மேல்நாட்டாருக்கு முதலிற் கைவந்த உலோகம் ஈயம். இலண்டன் கோபுரக் கோட்டையின் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்தபோது, மழைநீர் வழிந்து அது கறைபடாதிருக்க ஈயக் குழாய்களைக் கீழ்வரை நீட்டுமாறு மூன்றாம் ஹென்றி மன்னன் 1240இல் ஆணையிட்டான். ஈயம் இளகும், எளிதில் வளையும், உருக்கி ஒட்டலாம். ஆனால் நஞ்சு. உரோமச் சிற்பநூலாசிரியர் வித்துருவியசு கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலேயே, ஈயக் குழாயிலும் மண்குழாயிற் செல்லும் நீரே உடலுக்கு உகந்தது என்று எழுதிவைத்தார். அறிவு முன்னே போய்விட்டது. பழக்கம் பின்தொடர ஈராயிரம் ஆண்டு ஆயிற்று.

நம் வீடுகளுக்கு வந்த தகரம் ஈயமன்று, இரும்பு. அதன் கதை இரண்டு மனிதரோடு தொடங்குகின்றது. இலண்டன் துறைமுகத்தின் பொறியியலாளர் ஹென்றி பாமர் 1829இல், தட்டையான இரும்புத் தகட்டை அலையலையாக நெளித்தால் அது தன் பாரத்தைத் தானே தாங்கும் என்பதைக் கண்டு உரிமம் பெற்றார். பிரான்சியரான சோரல் என்பார் 1837இல், உருகிய நாகத்திலே இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். நாகம் என்பது துத்தநாகமே. அதனை ஆவியாக்கிக் குளிர்வித்துப் பிரித்தெடுக்கும் வித்தையை ஐரோப்பியர் அறிவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இராசத்தானத்துச் சாவர் மலைச் சுரங்கத்தார் செய்துவந்தனர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நாகம் இரும்பை மூடிக்கொண்டிருப்பதால் மட்டும் காக்கின்றதென்று பலர் எண்ணுவர். அதைவிட நுட்பமான செய்தியொன்றுண்டு. ஈரத்தில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று முதலில் அரிபட்டு மற்றதைக் காக்கும். கப்பலின் செப்புத் தகட்டை வைத்து ஹம்பிரி டேவி 1824இல் இதனைச் சோதித்துக் காட்டினார். தகரத்திற் சிறு கீறல் விழுந்தாலும் நாகம் தான் அழிந்து இரும்பைக் காப்பாற்றும். இந்தக் குணத்தை அறியாமல், நாகத் தகட்டிலே செம்பு ஆணியை அறைபவர்கள் இருக்கின்றார்கள். அங்கே செம்பைக் காப்பதற்காக நாகம் தன்னையே கரைத்துக்கொள்ளும். சில மாரிகளில் ஆணியைச் சுற்றித் துளை விழும்.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இற் பூர்த்தியாகி, கொழும்பிலிருந்து வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை வண்டி ஓடத் தொடங்கிய பின், பாரமான கட்டடப் பொருள்கள் காட்டுநாட்டை அடைவது எளிதாயிற்று. 1865இல் மங்களூரிற் பாசல் மிசனார் தொடங்கிய ஆலையின் வழிவந்த ஓடுகளை நாம் கள்ளிக்கோட்டை ஓடு என்கின்றோம். இரணைமடுக் குளத்தின் கீழ் 1930களிலும், வட்டக்கச்சி முதலிய இடங்களில் 1950களிலும் குடியேற்றங்கள் எழுந்தன. ஓலை போய் ஓடும் தகரமும் வந்தன. அவற்றின் பின்னே பீலியும் வந்தது.

பீலி வந்ததும் அதனை ஒட்டுபவரும் வந்தார். நான் சிறுவனாயிருந்த 1970களில், மிதிவண்டியின் பின்னே கரியடுப்பொன்றைக் கட்டிக்கொண்டு தகரவேலைக்காரர் ஒருவர் ஆவணி மாதத்தில் எங்கள் ஊருக்கு வருவார். செப்புத் தலையுடைய சூட்டுக்கோலை அடுப்பிற் காய்ச்சி, நவச்சாரக் கட்டியிலே தேய்த்து மாசகற்றுவார். அமிலத்திலே நாகத் துண்டுகளைப் போட்டுப் பொங்கியடங்கவிட்ட நீரை மூட்டிலே தடவுவார். பின்னர் வெள்ளீயமும் காரீயமுங் கலந்த பற்றாசினை வைத்து இழுப்பார். அது வெள்ளிநீர் போல இடுக்கெங்கும் ஓடிப் புகும். வெள்ளீயத்தைத் தனியே உருக்க 232 பாகைச் சூடு வேண்டும், காரீயத்துக்கு 327. தக்க அளவிற் கலந்தாலோ 183 பாகையில் உருகிவிடும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். வேலை முடிந்ததும் மூட்டை நன்றாகக் கழுவிவிடச் சொல்லுவார், அமிலம் தங்கினால் அதுவே துருவைக் கொண்டுவரும் என்பதனால். பொற்கொல்லர் பற்றுவைக்கும்போது பொடி வைத்து ஊதுவதிலிருந்தே ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்ற வழக்கு வந்தது என்பர். எங்கள் தகரவேலைக்காரரோ பொடி வைக்காமலே பேசுவார். “மாஸ்ரர், பீலி ஒழுகுவதில்லை, சாய்வுதான் ஒழுகுகிறது” என்று என் தந்தையாரிடம் அவர் சொன்னது இன்றும் நினைவிலிருக்கிறது.

அவர் சொன்னது சரியே. பத்தடிக்கு அரை அங்குலமாவது பீலி சாய்ந்திராவிட்டால் நீர் தங்கும். தங்கிய நீரிலே இலைச்சருகு ஊறும். ஊறிய சருகின் அடியிலேதான் நாகம் முதலில் அழியும். மேற்புறத்துத் துண்டு கீழ்ப்புறத்துத் துண்டின்மேற் படிந்திருக்கவேண்டும். மாறிப் படிந்தால் ஓடிவரும் நீர் நேரே இடுக்கினுட் புகும். இன்னொன்று வெயில். பத்து மீற்றர் நீளமான இரும்புப் பீலி, விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே முப்பது பாகை சூடேறினால், மூன்றரை மில்லிமீற்றர் நீளும். இரவில் மீண்டும் சுருங்கும். சீமெந்தை வைத்து மூட்டை அடைப்பவர் ஒரு பங்குனியிலேயே அதன் பலனைக் காண்பார். நெகிழ்ந்து கொடுக்கும் பொருளே அங்கே நிற்கும். முல்லைத்தீவுக் கரையிலே வள்ளங்களுக்குக் கலப்பற்று வைப்போர் பஞ்சையும் குங்கிலியத்தையும் எண்ணெயையும் கொண்டு பலகை இடுக்கை அடைத்ததும் இந்த அறிவினாலேயே.

1990இன் பின்னர் வன்னிக்குச் சீமெந்து, இரும்பு, எரிபொருள் முதலியன வருவது தடைப்பட்டது; 2002 வரை அந்நிலை நீடித்தது. பற்றாசுக்கு எங்கே போவது? பழைய மிதிவண்டி ரியூப்பை நாடாவாக வெட்டி மூட்டைச் சுற்றிக் கட்டினோம். இடம்பெயர்ந்தபோது, 2008இலும் 2009இலும், மக்கள் தம் வீட்டுக் கூரைத் தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிச் சென்றனர், போன இடத்தில் நட்டு நிழல் கண்டனர், அங்கிருந்தும் பெயர்ந்தனர். தகரத்தைக் கழற்றியவர்கள் பீலியைக் கழற்றவில்லை. மீண்டு வந்தபோது கூரையற்ற சுவர்களில், எதையும் ஏந்தாமல், சில பீலிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

இப்பொழுது பெரிய புளியங்குளத்துக்குத் திரும்புகிறேன். நான் பணியாற்றிய பாடசாலை ஒன்றில் 1950கள் தொடக்கமான மாணவர் சேர்வு இடாப்புகள் இருந்தன. என் முன்னோடியான அதிபர் அவற்றைப் பொலித்தீன் பையிற் சுற்றி, உடுதுணியோடு துணியாக, இடம்பெயர்ந்த இடமெல்லாம் தூக்கிச் சென்று, முகாமிலும் தலைமாட்டில் வைத்துக் காத்து, 2010இல் மீட்டுக் கொண்டுவந்தார். பின்னர் புதிய கட்டடம் எழுந்தது. பழைய கட்டடத்தோடு அது கூடுமிடத்தில் ஒப்பந்தக்காரர் ஒரு தகரப் பீலி வைத்தார். மேல்துண்டு கீழாகவும் கீழ்த்துண்டு மேலாகவும் வைத்தார். ஆவணியிலேயே அலுவலகச் சுவரிற் பழுப்புக் கறையொன்றைக் கண்டேன். விடுமுறையிற் பார்ப்போம் என்றிருந்துவிட்டேன். கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் அலுமாரியைத் திறந்தபோது, அடித்தட்டில் இருந்த இரண்டு இடாப்புகள் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. மை முழுவதும் நீலநீராகக் கரைந்துவிட்டது.

தை மாதத்தில் ஒரு மூதாட்டி வந்தார். ஆவணங்கள் யாவும் போரில் அழிந்துபோயின. தாம் இந்தப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு வரை படித்ததாகவும், பிறந்த தேதிக்கு இடாப்பிலிருந்து ஒரு பிரதி வேண்டும் என்றும் கேட்டார். அவர் சேர்ந்த ஆண்டைக் கேட்டேன். அவர் சொன்ன ஆண்டு அந்த இரண்டில் ஒன்று. குண்டு தவறவிட்டதைப் பீலி மூட்டொன்று கொண்டுபோயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வேறு சாட்சியங்கள் தேடி அவர் காரியம் முடிய எட்டு மாதம் சென்றது. பிராமி எழுத்தின் மேலே ஒரு கல்வரம்பு வெட்டிய தச்சன் அன்று என் நினைவுக்கு வந்தான்.

இன்று பீலியின் பணி மாறிவருகின்றது. 1995இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் வீட்டு மழைநீர்த் தொட்டிகள் பெருமளவில் அமைக்கத் தொடங்கப்பட்டன. 2005இல் மழைநீருக்கென்றே தேசிய கொள்கையொன்று வந்தது. காரணம் தெளிவாக அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளையும் தொட்டபின், கிணற்று நீரை அஞ்சியோர் கூரை நீரை நாடினர். போருக்குப் பின் இந்திய உதவியோடு எழுந்த வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டவை. அத்தகைய கூரையில் ஐம்பது சதுர மீற்றரென்று கொண்டால், ஒரு மில்லிமீற்றர் மழைக்கு ஐம்பது லீற்றர் நீர். ஐந்திலொன்று வீணானாலும் ஆண்டுக்கு ஐம்பதினாயிரம் லீற்றர். முன்பு ஒழுகும் பீலி சுவரைக் கெடுத்தது. இப்போது அது குடிநீரையும் கொண்டுபோகின்றது.

ஆகவே பழைய வைத்தியம் முழுவதும் இன்று செல்லாது. குடிநீர் ஓடும் பீலிக்குக் காரீயம் கலந்த பற்றாசும் தாரும் ஆகா. கடையில் விற்கும் சிலிக்கோன் பசையிலும் இருவகையுண்டு. ஒருவகை உலரும்போது காடி மணம் வீசும். அந்தப் புளிப்பு நாகத்தை அரிக்கும். மணமற்ற மற்ற வகையையே தகரத்துக்குக் கேட்டு வாங்கவேண்டும். குடிநீருக்கு ஏற்றதென்று உறையிற் குறித்திருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சாய்வற்ற பீலியில் நுளம்பு பெருகும் என்பதையும் மறத்தலாகாது. 2017இல் இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை டெங்கு பிடித்தது.

எங்கள் பாடசாலைப் பீலியை அடுத்த ஆவணியிலே கழற்றினோம். மூட்டுகளைக் கம்பித் தூரிகையால் வெண்மை தெரியும்வரை தேய்த்து, துடைத்து, காயவிட்டு, துண்டுகளை முறைமாற்றிப் படியவைத்து, இடையிலே பசையிட்டு நாகத் தறையாணி கொண்டு பொருத்தினோம். சாய்வைப் பார்க்க நீர்மட்டம் இருக்கவில்லை. உயர்தர வகுப்பு மாணவனொருவன் ஒரு முனையில் ஒரு குவளை நீரை ஊற்றினான். மறுமுனையில் நின்ற சிறுவன் தன் கையை நீட்டிக் காத்திருந்தான். இடாப்புகள் இப்போது வேறொரு சுவரோரத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கின்றன.