பிரேக் போட்டால் முந்தலாம்

நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். நான் அந்த வயதில் ராக்கெட் விடக் கற்றுக்கொண்டேன். நல்ல வேளையாக, வேடிக்கை பார்க்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அவன் என் அக்காள் மகன். தஞ்சாவூரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். 2024 டிசம்பரில் அரைப் பரீட்சை லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

வினை என் கதையால் வந்தது. ஒரு தீபாவளி மலரில் நான் எழுதிய கதையின் கதாநாயகன், விண்வெளியில் எதிரியின் கப்பலைத் துரத்துகிறான். விசையை முழு பலத்தோடு அழுத்துகிறான். கப்பல் சீறிப் பாய்கிறது. ஐந்தே நிமிஷத்தில் எதிரி அகப்பட்டுக்கொள்கிறான். வாசகர்கள் சிலர் பாராட்டிக் கடிதம்கூட எழுதியிருந்தார்கள். பையன் மட்டும் படித்துவிட்டு மலரை மெதுவாக மூடி வைத்தான்.

"மாமா, நீங்க பிசிக்ஸ் படிச்சிருக்கீங்களா?"

"காலேஜிலே ரெண்டு வருஷம் படிச்சேன். அதோட சரி. ஏண்டா?"

"இல்லே, இப்படி அழுத்தினா அவனைப் பிடிக்கவே முடியாது. தள்ளித்தான் போவான்."

எனக்குச் சுருக்கென்றது. "நீ போய்ப் பார்த்தாயாக்கும்!" என்றேன். "தினமும் போறேனே!" என்று சொல்லிவிட்டு, என் லாப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டை ஏற்றினான். அதன் பெயர் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. பச்சை நிறத்தில், பெரிய தலையோடு சின்னஞ்சிறு மனிதர்கள். அவர்களுக்கென்று ஒரு குட்டிக் கிரகம். நாமே ராக்கெட்டைப் பூட்டி, அவர்களை ஏற்றி அனுப்ப வேண்டும்.

இந்த விளையாட்டு பிறந்ததும் ஒரு கதைதான். பிரேசிலில் பிறந்த பெலிப்பே பலாங்கே, சிறு வயதில் தகரக் காகிதத்தில் பொம்மை செய்து வாணங்களில் கட்டி விடுவாராம். அந்தப் பொம்மைகளுக்கு அவர் இட்ட பெயர்தான் கெர்பல். பிற்பாடு மெக்ஸிகோ நகரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, இதை விளையாட்டாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதலாளிகளும் இடம் கொடுத்தார்கள். 2011 ஜூனில் விளையாட்டு வெளியாயிற்று.

என் முதல் ராக்கெட்டை நேராக மேலே விட்டேன். விண்வெளி மேலேதானே இருக்கிறது? அது நூறு கிலோமீட்டர் உயரம் ஏறிற்று. அந்தக் கிரகத்தில் எழுபதாவது கிலோமீட்டரிலேயே காற்று தீர்ந்துவிடும். 'இதோ, விண்வெளி!' என்று நான் மார்தட்டிக்கொண்டிருக்கும்போதே ராக்கெட் நின்றது, திரும்பியது, வந்த வழியே விழுந்தது. பையன் சிரிக்கவில்லை. அந்த மட்டில் அவன் நல்லவன்.

உயரம் வேறு, சுற்றுவது வேறு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 1961 ஏப்ரல் 12-ஆம் தேதி யூரி ககாரின் 108 நிமிஷத்தில் பூமியைச் சுற்றி வந்தார். அடுத்த மாதம் 5-ஆம் தேதி அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்ட் 187 கிலோமீட்டர் உயரம் சென்றார். ஆனால் பதினைந்தே நிமிஷத்தில் அட்லாண்டிக் கடலில் வந்து விழுந்தார். அவர் ஏறிய உயரத்தில் குறையில்லை. பக்கவாட்டு வேகம்தான் போதவில்லை. நியூட்டன் இதை ஒரு பீரங்கியை வைத்து விளக்கியிருக்கிறார். மிக உயர்ந்த மலையுச்சியிலிருந்து குண்டைப் படுக்கை வாட்டில் சுட வேண்டும். வேகம் கூடக் கூடக் குண்டு தூரத்தில் போய் விழும். ஒரு வேகத்தில் அது விழுந்துகொண்டே இருக்கும். பூமியும் அதற்குக் கீழே வளைந்துகொண்டே போகும். அதுதான் சுற்றுப்பாதை. நியூட்டன் காலமான மறு வருஷம், 1728-இல், அந்த விளக்கம் அச்சில் வந்தது. எங்கள் வாத்தியார் அதை எனக்குச் சொல்லியே இருப்பார். நான் அப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

சரி, வேகம்தானே வேண்டும்? எரிபொருள் தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பார்க்கக் கோபுரம் மாதிரி இருந்தது. நெருப்பும் புகையும் பிரமாதமாக வந்தன. ராக்கெட் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. தன் எரிபொருளைத் தூக்கவே அதற்குச் சக்தி போதவில்லை.

இந்தச் சங்கடத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ருஷியாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கிக்குச் சிறு வயதில் விஷக் காய்ச்சல் கண்டு காது மந்தமாகிவிட்டது. புத்தகங்களே அவருக்குக் கல்லூரி. கலூகா என்ற ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, 1903-இல் ராக்கெட்டின் சூத்திரத்தை வெளியிட்டார். வேகம் கொஞ்சம் கூட வேண்டுமானால் எரிபொருள் பன்மடங்கு கூட வேண்டும் என்பது அதன் சாரம். ஆகையால்தான் காலியான தொட்டியைச் சுமக்காமல் உதறிவிட்டுப் போகிறார்கள். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன சாட்டர்ன் ராக்கெட் புறப்படும்போது சுமார் 2,900 டன். கடலில் வந்து இறங்கிய கூண்டு ஆறு டன்கூட இல்லை. சுமையை உதறத் தெரிந்தவனுக்கே மேலுலகம் என்று நம் பெரியவர்கள் சொன்னதை விஞ்ஞானமும் ஒரு விதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது!

நானும் உதறக் கற்றுக்கொண்டேன். ஏழாவதோ எட்டாவதோ முயற்சியில் ஒரு கப்பல் சுற்றுப்பாதையில் நின்றது. அதில் இருந்தவள் வேலன்டினா; விண்வெளிக்குப் போன முதல் பெண்மணி தெரஷ்கோவாவின் பெயரைக் கொண்ட பச்சைப் பெண். ஓடிப்போய்ப் பையனை அழைத்து வந்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "சபாஷ் மாமா! எப்படி இறக்கப் போறீங்க?" என்றான்.

தொட்டியில் ஒரு சொட்டு எரிபொருள் இல்லை. பிரேக் போட்டால்தான் இறங்க முடியும். பிரேக் போடவும் எரிபொருள் வேண்டும்.

மறுநாள் அவன் ஊருக்குக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வேலன்டினாவை அழிச்சுடாதீங்க மாமா. நான் பொங்கலுக்கு வர்றதுக்குள்ளே இறக்கி வெச்சுடணும்" என்றான். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"இதென்ன, ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு பாடா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விளையாட்டுக்கும் வினைக்கும் நடுவிலுள்ள கோடு மிகவும் மெல்லியது. நியூயார்க் மாகாணத்தில் எட்வின் லிங்க் என்பவரின் தகப்பனார் ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகன் அந்த வாத்தியத் துருத்திகளைக் கொண்டே, தரையில் இருந்தபடி ஆடிச் சாயும் ஒரு பொய் விமானத்தை 1929-இல் செய்தார். அதை முதலில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்! 1934-இல் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் விழுந்து இறந்த பிறகே, அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக் கணக்கான விமானிகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பழகினார்கள். வேறொரு விஷயம் நேர்மாறாக நடந்தது. 1969-இல் மனிதன் சந்திரனில் இறங்கிய சில மாதங்களில், ஜிம் ஸ்டோரர் என்ற அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர், சந்திரனில் இறங்குவதையே கம்ப்யூட்டர் விளையாட்டாக எழுதிவிட்டார். படம் ஒன்றும் கிடையாது, வெறும் எண்கள். பத்து விநாடிக்கு ஒரு தடவை எவ்வளவு எரிபொருள் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மோதல்தான்.

வேலன்டினாவுக்கு வருவோம். அவளுக்குப் பசி தாகம் கிடையாது. அப்படித்தான் விளையாட்டை அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் ராத்திரி படுத்தால், ஜன்னலுக்கு வெளியே அவள் சுற்றிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். மீட்க இன்னொரு கப்பல் அனுப்பினேன். அதே பாதையில், அவளுக்கு நாற்பது கிலோமீட்டர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியும் விட்டேன். இனி என்ன? முகப்பை அவள் பக்கம் திருப்பி, என் கதாநாயகனைப் போலவே விசையை அழுத்தினேன். தூரம் முப்பதாயிற்று, இருபத்தைந்தாயிற்று. பிறகு என் கப்பல் மேலே மேலே ஏறிற்று. தூரம் ஐம்பதாயிற்று, எண்பதாயிற்று. மறுபடி அழுத்தினேன். இன்னும் தள்ளிப் போனாள். பையன் சொன்ன வார்த்தை காதில் ஒலித்தது.

இந்த அவமானம் எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பது ஓர் ஆறுதல். 1965 ஜூன் 3-ஆம் தேதி ஜெமினி-4 கப்பலில் ஜேம்ஸ் மெக்டிவிட்டும் எட்வர்ட் ஒயிட்டும் சென்றார்கள். தங்களை ஏற்றி வந்து கழன்றுகொண்ட ராக்கெட்டின் மேல் பகுதியை நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. மெக்டிவிட் தேர்ந்த விமானி. விமானத்தில் செய்வது போலவே முகப்பை அதன் பக்கம் திருப்பி அழுத்தினார். அது விலகிற்று. மறுபடி அழுத்தினார், மறுபடி விலகிற்று. கப்பலைத் திருப்பி ஓட்டும் எரிபொருளில் ஏறக்குறையப் பாதி தீர்ந்ததும், போதும் என்று விட்டுவிட்டார்கள். அதே பிரயாணத்தில் ஒயிட் கப்பலுக்கு வெளியே மிதந்ததைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. தோற்ற காரியத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அதே மாதிரி தோற்றவன்தான்!

இதன் சூட்சுமத்தைக் கோயில் பிராகாரத்தை வைத்துச் சொல்லலாம். உள் பிராகாரத்தில் சுற்றுகிறவர் சீக்கிரம் சுற்றி முடிப்பார். வெளிப் பிராகாரத்தில் சுற்றுகிறவருக்கு நேரமாகும். சுற்றுப்பாதையில் இன்னொரு விசேஷமும் உண்டு. உள்ளே இருப்பவருக்கு வழியும் குறைவு, நடையும் வேகம். நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்ற ஒன்றரை மணி நேரம் போதும். சந்திரனுக்கு இருபத்தேழு நாள். இப்போது விசையை முன்னால் அழுத்தினால் என்ன ஆகும்? கப்பல் வெளிப் பிராகாரத்துக்குப் போய்விடும், பின்தங்கும். முந்த வேண்டுமானால் பிரேக் போட வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் கப்பல் உள் பிராகாரத்துக்கு இறங்கும். அங்கே தானாக வேகம் பிடித்து, முன்னால் போகிறவளை நெருங்கும். சமயம் பார்த்து மறுபடி மேலே ஏறினால் பக்கத்திலேயே போய் நிற்கலாம்.

இதையெல்லாம் 1963-லேயே கணக்குப் போட்டு, எம்.ஐ.டி. சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார் பஸ் ஆல்ட்ரின். சந்திரனில் கால் வைத்த இரண்டாவது மனிதர் அவர்தான். சக விண்வெளி வீரர்கள் அவருக்கு 'சந்திப்பு டாக்டர்' என்று பட்டப் பெயர் வைத்தார்கள். 1965 டிசம்பர் 15-ஆம் தேதி, வால்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாபோர்டும் சென்ற ஜெமினி-6 கப்பல், ஏற்கனவே சுற்றிக்கொண்டிருந்த ஜெமினி-7 கப்பலுக்கு ஓர் அடி தூரம் வரை நெருங்கிற்று. மெக்டிவிட் தோற்று ஆறே மாதம்தான் ஆகியிருந்தது. மறு வருஷம் ஜெமினி-12-இல் ராடார் பழுதாகிவிட்டது. ஆல்ட்ரின் கோணமானியையும் கணக்கு அட்டவணைகளையும் வைத்துக்கொண்டு வழி சொன்னார். கப்பல் இலக்கைப் போய்ச் சேர்ந்தது.

நான் படித்துப் படித்துப் பழகிய அதே நாட்களில் பத்திரிகைகளில் வேறொரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பர் 30-ஆம் தேதி இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரண்டு சிறிய செயற்கைக் கோள்களை அனுப்பியிருந்தது. தலா 220 கிலோ. விண்வெளியில் ஒன்றையொன்று தேடிப் பிடித்துச் சேர வேண்டும். ஜனவரி 7-ஆம் தேதி என்றார்கள், தள்ளிப் போயிற்று. 9-ஆம் தேதி என்றார்கள். அதுவும் தள்ளிப் போயிற்று. மூன்று மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துவிட்டு மறுபடி விலகிக்கொண்டன. டீக்கடையில் ஒருவர், "பக்கத்திலே போயாச்சு, ஒட்டிக்க என்ன கஷ்டம்?" என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். இப்போது எனக்கு அவரோடு சண்டை போட வேண்டும் போல் இருந்தது.

ஜனவரி 16-ஆம் தேதி காலையில் அவை இரண்டும் ஒன்று சேர்ந்தன. ருஷியா, அமெரிக்கா, சீனா இவற்றுக்கு அடுத்து நான்காவது நாடாக இந்தியா அதைச் செய்தது. அன்றைக்குக் காணும் பொங்கல்.

அன்று மத்தியானம் அக்காள் குடும்பத்தோடு பையனும் வந்தான். வந்ததும் வராததுமாக, "எறக்கியாச்சா மாமா?" என்றான். "இன்னும் இல்லேடா. உனக்காகத்தான் வெச்சிருக்கேன்" என்றேன். அது முழுப் பொய்யல்ல. முந்தின ராத்திரிதான் கப்பலை நூறு மீட்டர் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்தோம். வேலன்டினா கதவைத் திறந்து வெளியே வந்து, மெதுவாக மிதந்து என் கப்பலின் ஏணியைப் பற்றிக்கொண்டாள். சாயங்காலம் குடை விரிந்து கடலில் இறங்கினாள்.

"இப்ப அந்தக் கதையைத் திருத்தி எழுதுவீங்களா மாமா?" என்று கேட்டான் பையன்.

அச்சில் வந்துவிட்ட கதையை எப்படித் திருத்துவது? பாராட்டிக் கடிதம் எழுதிய வாசகர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அந்தக் கதாநாயகன் எதிரியைப் பிடிக்கவில்லை. விசையை அழுத்த அழுத்தப் பின்தங்கிப் போனான். பிரேக் போட வேண்டும் என்பது அவனைப் படைத்தவனுக்கு அப்போது தெரியாது.