தலைச்சேரியில் வெந்த கேக்

போடிமெட்டுச் சரிவுகளில் விளையும் ஏலம்போன்ற மணச்சரக்குகளை நாடி ஐரோப்பியர் நம் மேற்குக் கரைக்கு வந்தனர். பின்னர்த் தம் கேக்கையும் கொணர்ந்தனர். அக்கேக் நம்மவர் அடுப்பேறிய கதையை அறிய, மலைகளைக் கடந்து தலைச்சேரிக்குச் செல்லவேண்டும்.

பர்மாவில் பிஸ்கோத்துத் தொழில் கற்ற மம்பள்ளி பாப்பு 1880இல் அவ்வூரில் ஒரு பிஸ்கோத்துச் சாலை தொடங்கினார். பின்வருவது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறுவது. 1883இல், கிறிஸ்துமஸ் நெருங்குகையில், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்துத் துரையான மர்டாக் பிரவுன் ஆங்கில நாட்டுக் கேக் ஒன்றைக் காட்டி, அதுபோற் செய்துதரக் கேட்டார். கோக்கோ, பேரீச்சை, உலர்ந்த திராட்சை ஆகியவற்றையும் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட மாகேயிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கவும் சொன்னார். பாப்பு பிராந்தியை நாடவில்லை. முந்திரிப்பழமும் கதலிப்பழமும் கொண்டு வடித்த நாட்டு மதுவையே வார்த்தார். அச்சும் சீமையிலிருந்து வந்ததன்று. தர்மடத்துக் கொல்லர் அடித்தது. சுவைத்த துரை மேலும் ஒரு டஜன் வேண்டுமென்றாராம்!

இதுவே இந்தியாவின் முதற் கேக் என்பர் சிலர். ஐரோப்பியர் இல்லங்களில் அதற்கு முன்பே கேக் வெந்திராதா? ஆயினும் அந்த நாட்டு மதுவை எண்ணுங்கால், பாப்பு செய்தது வெறும் நகலன்று என்பேன்.

உலர்பழம் மிகுந்த இவ்வகைக் கேக்கைக் கேரளத்தார் இன்று 'பிளம் கேக்' என்கின்றனர். பிளம் பழம் அதில் இருப்பதில்லை. உலர்ந்த திராட்சையையே ஆங்கிலேயர் முன்னாளில் அப்பெயரால் வழங்கினர்.