சுண்ணப் பாறையும் பஸ்ராக்காரரும்

நோர்வேயின் எண்ணெய் வளம் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் முதலில் சொல்வது ஓய்வூதிய நிதியின் பெருந்தொகையைத்தான். அந்தச் செல்வம் திரண்ட கதையில் ஒரு புலம்பெயர்ந்தவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்தவாங்கரில் எண்ணெய், எரிவாயு வயல்களைக் கண்காணிக்கும் அரசுப் பொறியியலாளனாகிய எனக்கு அவர் முன்னோர் முறை.

பாரூக் அல்-காசிம் பஸ்ராவைச் சேர்ந்தவர். லண்டனில் பெற்றோலியப் புவியியல் படித்தவர். அந்நியப் பங்காளிகளின் கையிலிருந்த ஈராக்கிய எண்ணெய்க் கம்பனியில் வேலை பார்த்தார். 1961இல் ஈராக் அரசு அக்கம்பனியின் உரிமைப் பரப்பில் 99.5 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதை உள்ளேயிருந்து கண்டவர். 1968இல், மகனின் மருத்துவத் தேவைக்காக, மனைவியின் நாடான நோர்வேக்கு வந்தார். ஒஸ்லோவில் ரயிலுக்குப் பல மணிநேரம் இருந்தது. கைத்தொழில் அமைச்சுக்குப் போய், எண்ணெய்க் கம்பனிகளின் பட்டியல் கேட்டார். அமைச்சில் இந்த விடயத்தைப் பார்த்தவர்கள் சிலரே. வட கடல் கிணறுகளின் தரவுகளைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. வேலை கிடைத்தது.

1969இல் எக்கோபிஸ்க் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1972இல் பெற்றோலிய இயக்குநரகம் உருவாயிற்று. வள நிர்வாகம் அல்-காசிமின் பொறுப்பில் வந்தது.

எக்கோபிஸ்க்கின் எண்ணெய் சுண்ணப் பாறையில் இருக்கிறது. துளைகள் ஏராளம், அவற்றை இணைக்கும் வழிகளோ மிகக் குறுகியவை. அழுத்தம் குறையக் குறைய எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். ஆரம்பக் கணிப்பின்படி 100 பீப்பாய்க்கு 17தான் மேலே வரும். கடல்நீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளலாம் என்று இயக்குநரகம் வற்புறுத்தியது. செலவு பெரிது, சுண்ணம் நீரில் இளகிவிடும் என்று கம்பனி தயங்கியது.

1984இல் கடலடித் தரை தாழ்ந்துவருவது தெரிந்தது. 1987இல் மேடைகளை 6 மீற்றர் உயர்த்தினார்கள். அதே ஆண்டு பெரிய அளவில் நீர் செலுத்துவதும் தொடங்கியது. கம்பனியின் அச்சம் வெறும் சாக்கு அல்ல. நீர் பட்ட சுண்ணம் தொடர்ந்து இறுகித் தாழ்ந்தது. 1998இல் புதிய மேடைகள் இயங்கத் தொடங்கின. ஆனாலும் இன்று அந்த வயலின் மீட்பு 50 சதவீதத்தை ஒட்டிப் பேசப்படுகிறது.

என் வேலையின் சாரம் இந்த வரலாற்றில் இருக்கிறது. கம்பனி தரும் அபிவிருத்தித் திட்டத்தில் கையொப்பம் இடுவதற்கு முன், நிலத்தடியில் எவ்வளவு விட்டுவிட்டு வரப்போகிறீர்கள், ஏன் என்று கேட்கவேண்டும். பதில் வந்தால் அது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியவேண்டும். கம்பனிக்குத் தன் முதலீடு எப்போது திரும்பும் என்பது கவலை. கிணறு மூடிய பிறகும் அரசுக்கு அந்தப் பாறை சொந்தம்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பொறியியல் முடித்ததும் கம்பனிகளுக்கே போகிறார்கள். சம்பளம் அங்கே கூட. குறை சொல்ல முடியாது. ஆனால் மேசையின் இந்தப் பக்கத்திலும் விடயம் தெரிந்தவர்கள் இருக்கவேண்டும். வந்தேறி ஒருவர் முன்பே அந்த இடத்தில் இருந்திருக்கிறார் என்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.